ஜெபதாஸ் எஞ்சினியரின் போன் நம்பர்

“நான் அப்பிடிச் சொல்லல்ல பிள்ளே, நீ வந்து—”

“பின்ன எப்பிடிச் சொன்னிய? நாகர்கோயில்ல இருந்து ஜெபதாஸ்னு ஒரு எஞ்சினியர் வந்தாரு, நாலு நாளு இருந்து பாத்தாருன்னு—”

“யாவாரத்துக்கு ஒரு பேச்சு—”

“கண்ணாடி போட்ட ஆளுன்னும் சொன்னியளாமே. நெத்தியில நாமத்தையும் போட்டுக்கிட்டு எப்பிடித்தான் வாயி வந்துதோ.”

“பையப் பேசு. வெளிய ஆளு இருக்கு.”

“இருக்கட்டு. அவங்களும் கேக்கட்டு.”

வெளியே இரண்டு டிரைவர்கள் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறையில், பிந்துவும் அவள் கணவர் சுயம்புராஜும். புதுக்கடை ஜங்ஷனுக்கு வடக்கே வீல் அலைன்மென்ட் கடை என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். கார்ச் சக்கரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மேசை மேலிருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும். அது சொன்னபடி சுயம்புராஜ் காருக்கு அடியில் படுத்து ஸ்பானரைத் திருப்புவார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது இருபதுக்கு மேல். மெஷினோடு கூடவே வந்தது. மெஷின் செய்த கம்பெனியை மூடியே பத்து வருஷம் ஆகிறது. அதன் சாப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஏறாது. ஏறினாலும் சக்கரத்திலிருந்து வரும் வயரைச் செருகுவதற்குப் புதுசில் இடமே கிடையாது. இது செத்தால் கடையும் செத்த மாதிரிதான்.

சாகவிடாமல் வைத்திருந்தவள் பிந்து. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் ஈர்க்குச்சியால் தடுத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்கும் குழாயாலேயே தூசியை ஊதுவாள். ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் உரசி மாட்டுவாள். போன மாதம் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று கொட்ட ஆரம்பித்தது. அது முழுக்கப் போவதற்குள் உள்ளே இருந்ததையெல்லாம் அப்படியே புது எஸ்.எஸ்.டி.யில் நகலெடுத்தாள். பழைய கேபிளில் அது பொருந்துவதற்கு நடுவே ஒரு குட்டி அடாப்டர் பலகை. அதோடு விட்டாளா? போர்டில் தலை வீங்கியிருந்த ஏழு கெப்பாசிட்டரையும் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்து ஈயம் உருக்கினாள். முன்பு நாலு நிமிஷம் முக்கி முனகிய கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிஷத்தில் விழித்துக்கொள்கிறது.

இத்தனையும் செய்தவர் ஜெபதாஸ் என்று இன்று காலையில் ஒரு டிரைவர் வாயால் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“பெண்டாட்டி நோண்டுன மெஷின்னு தெரிஞ்சா வண்டிய எவன் விடுவான்? அதுக்காக்கும்.”

“எனக்க கைய நம்பாத வண்டி இந்தக் கடைக்கி வரவேண்டாம். இனி நான் இதத் தொடமாட்டேன். நிங்க வாயால, நாலு பேரு கேக்க, ஆரு செய்ததுன்னு சொல்லணும். அதுவரைக்கும் ஜெபதாஸ் வந்து பாக்கட்டு.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா இரணியல் ஷிபின் வரவேண்டும்? அவனுக்கும் இதே தொழில், இதே மெஷின். காரை விட்டு இறங்கியவன் நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டு வந்தான். துண்டில் பொதிந்த சி.பி.யு.

“அண்ணே, உங்க எஞ்சினியர் இருக்காரா? எனக்க கம்ப்யூட்டரு போச்சு. ரெண்டு நாளா கடை பூட்டிக் கெடக்கு.”

சுயம்புராஜ் அறையை விட்டு வெளியே வந்தார். “வச்சிட்டுப் போ மக்கா. ரெண்டு நாளு கழிஞ்சு வா.”

உள்ளேயிருந்து பிந்து கனைத்தாள். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

“ரெண்டு நாளு தாங்காதுண்ணே. அவருக்க நம்பரத் தாங்க, நானே பேசுகேன்.”

“நம்பரா…”

“ஆமா, ஜெபதாஸ் சாருக்க நம்பரு.”

சுயம்புராஜ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கடகடவென்று பத்து இலக்கத்தையும் ஒப்பித்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்று. பதறிப்போய்ச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, அது அவருக்கே வெளிச்சம்.

ஷிபின் அங்கேயே நின்று அழுத்தினான். பிந்துவின் கையிலிருந்த போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

“அலோ, எஞ்சினியர் சாரா?”

“கம்ப்யூட்டர் ஆன் ஆவுதா?”

“ஃபேன் சுத்துது. ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல்ல. உள்ள இருந்து பீப்புன்னு…” ஷிபினின் பேச்சு இழுபட்டது. குரல் போனிலும் வருகிறது, தடுப்புக்குப் பின்னாலிருந்தும் வருகிறது.

“ஒரு பீப்பா, நிக்காம அடிக்குதா?”

“நிக்காம அடிக்குது.”

“ரேமாக்கும். கழத்தி ரப்பர் வச்சு உரசுனியா?”

“இல்ல… அக்கா, நிங்களா? ஜெபதாஸ்னுல்லா அண்ணன் சொன்னாரு?”

பிந்து போனை அணைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வழியே கணவரைப் பார்த்தாள். டயர் மேலிருந்த இருவரும் சாயாக் கோப்பையை வாயருகே பிடித்தபடி அவரையே பார்த்தார்கள்.

சுயம்புராஜ் கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் விரல்விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“ஜெபதாஸ்னு ஒரு ஆளே கெடையாது மக்கா,” என்றார். “டிஸ்க் மாத்துனது, ஈயம் வச்சது, எல்லாம் இவளாக்கும். இத்தன வருசமா இந்தக் கடைய ஓட்டுதது அந்தக் கம்ப்யூட்டரு. அத ஓட்டுதது இவ.” பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, குரலை ஒரு படி ஏற்றினார். “எனக்க வீட்டுக்காரியாக்கும். இந்த மெஷினப் பிரிச்சுச் சேக்கதுக்கு இங்ஙன வேற ஒரு ஆளு உண்டா? இருந்தா கொண்டு வாங்க, பாப்போம்.”

பிந்து வெளியே வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷிபின் கையிலிருந்த பெட்டியை வாங்கி ஒர்க் பெஞ்சில் கிடத்தினாள். நாலே திருப்பில் மூடி கழன்றது. ரேமைத் தொடுமுன் போர்டின் ஓரத்தை விரலால் தடவினாள். இரண்டு கெப்பாசிட்டரின் தலை வீங்கியிருந்தது. மேலே அச்சடித்திருந்த பொடி எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

தலை நிமிராமலே சொன்னாள்:

“நிண்ணது போதும். ஜெபதாஸ் எஞ்சினியருக்க கண்ணாடி கீபோர்டு மேல இருக்கு, போய் எடுத்துக்கிட்டு வாங்க.”