சாரத்துக்கு வந்த கடல்

இன்றைக்குக் கடல் முழங்காலுக்கு மேல் ஏறாது என்று வெரோனிகா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்தபடியே, பள்ளிக்கூட வேன்களெல்லாம் போய் முடிந்த நேரத்தில் பின்கட்டு வழியாக வந்த கடல் சமையலறையைத் தாண்டி, கூடத்தில் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது. சாரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே காமராஜர் சாலை இருக்கிறது, கடைத்தெருக்கள் இருக்கின்றன, பெரிய வாய்க்கால் இருக்கிறது. அவற்றில் ஒன்றையும் நனைக்காமல்தான் ஒவ்வொரு முறையும் கடல் வந்துகொண்டிருந்தது.

முதல் தடவை வந்தபோது, ஊரில் பாதி வீடுகளில் நடப்பதுதான் தன் வீட்டிலும் நடக்கிறது, போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று அவள் கணவன் ஆரோன் நினைத்தான். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற அவனுக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரு குழாய் காரணமாக இருக்கவேண்டும். பிளம்பரைக் கூட்டிவந்தான். பிளம்பர் கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “போர்ல கெளுத்தி வராது சார்” என்று சொல்லி, தண்ணீரில் துள்ளிய கெளுத்தி மீனை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனான். ஆரோன் பின்வாசலில் செங்கல் அடுக்கினான். கடல் அதைத் தாண்டி வந்தது. பிறகு சாமான்களுக்கெல்லாம் உயரமாக ஸ்டாண்டு செய்தான். வெரோனிகா கணக்கு டீச்சர் வேலைக்குப் போகாமல் கட்டிலிலேயே கிடந்த மழைக்காலம் அது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை.

பின்னறையில் கடல் அறையைவிட ஆழமாக இருந்தது. அங்கே அது வெரோனிகாவின் குரலிலேயே பேசியது. வந்துவிடு, அதனால் யாருக்கும் குறையொன்றும் இல்லை என்றது. அது மிரட்டியிருந்தால் ஆரோனிடம் சொல்லியிருப்பாள். அன்பாகப் பேசியதால்தான் சொல்லவில்லை. தனக்குள் இத்தனை கனிவான ஒரு குரல் இருந்தும் அது தனக்குக் கெட்டதை மட்டுமே சொல்கிறது என்பதை அவளால் யாருக்கும் விளக்கியிருக்க முடியாது.

கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி. குழம்புக்கு மத்தி பிடித்துப்போகச் சட்டியோடு வந்தவள், பின்னறையில் இடுப்பளவு தண்ணீரில் முதுகைக் காட்டி நின்ற வெரோனிகாவைப் பார்த்தாள். “என்னாடி பண்ற அங்க? மேல வா, மீன் ஆயணும், எனக்குக் கை பத்தல” என்றாள். வெரோனிகா திரும்பியதும் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஆரோன் வந்தும் விடவில்லை. மூவரும் ஒரே வண்டியில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் நடுவில் உட்கார்ந்து பிடித்தபடியே போனாள். மத்தி வாசனை மூவர் மேலும் இருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “கடல் உள்ள வரச் சொல்லுதா?” என்று கேட்டார். “உயிர விட்டுடலாம்னு தோணுதா?” என்று அதையும் கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டுவிடக்கூடாது என்று பயந்துகொண்டிருந்த வெரோனிகாவுக்கு, கேட்ட பிறகுதான் இத்தனை நாள் அதற்காகவே காத்திருந்தது தெரிந்தது. “தோணுது” என்றாள். அவள் பின்னாலேயே வந்து மேசைக்காலைச் சுற்றிக்கொண்டிருந்த தண்ணீர் கதவிடுக்கு வழியாக வெளியே போனது. தூக்கி வைத்திருந்த காலைக் கீழே இறக்கிக்கொண்டு, “சொன்னது நல்லதாப் போச்சு” என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். கடல் வருவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று யோசித்து வரச் சொன்னார். சில வாரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. கடல் வருகிற நாளில் காலைக் காபி உப்புக் கரிக்கும்.

அதன்பிறகு காபி கரித்தால் வெரோனிகா கரண்டியால் பொதுச்சுவரைத் தட்டுவாள். பாக்கியலட்சுமி பூண்டோ புளியோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பின்னறையை ஆரோன் செங்கல் வைத்து அடைத்தான். வெரோனிகாவின் கைக்கு எட்டக்கூடாதவை எல்லாம் பாக்கியலட்சுமி வீட்டு பீரோவுக்குள் போயின. பாக்கியலட்சுமி அறிவுரை எதுவும் சொல்லமாட்டாள். இருவரும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பூண்டு உரிப்பார்கள். கடல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும். அது முடிவதற்குள் பாக்கியலட்சுமியின் நாத்தனார் பேச்சில் வந்துவிடுவாள். நாத்தனாரோடு போட்டி போட அந்தக் கடலால் முடியவில்லை. பாக்கியலட்சுமி ஊரில் இல்லாத நாட்களில் ஆரோனுக்கு போன் போகும், அவனும் எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த உதவி எண்ணுக்கு. “இப்ப எவ்ளோ தண்ணி நிக்குதுக்கா?” என்று அங்கிருக்கும் பெண் பதறாமல் கேட்பாள். பூண்டு தீரும்போது தண்ணீரும் வடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வடிந்தது. நடுவில் நிற்கும்போது மட்டும் அதை நம்பமுடியவில்லை. அதனால் நம்பிக்கையைப் பாக்கியலட்சுமியிடம் விட்டுவைத்து, உரிப்பதை மட்டும் வெரோனிகா பார்த்துக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. கடல் வருவது குறைந்தது. வந்த நாட்களில் தெருவே சட்டியோடு வந்தது. கனகசெட்டிக்குளத்து மீன்பிடிக்காரன் இனியவன் கூடத்தில் வலை விரித்து, தங்கள் ஊர் வஞ்சிரத்தைவிட இது நெய்யாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, போகும்போது கால்மிதியில் காலைத் துடைத்துவிட்டுப் போனான். பிள்ளைகள் சோபாவைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகினார்கள். வெரோனிகா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். வகுப்பில் ஒருநாள் தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும். ஒரு வருஷம் தெருக்கோயில் சாமி டிராக்டரில் கிளம்பும் நேரம் பார்த்து வெரோனிகா வீட்டு வாசல்வரை கடல் வந்து நின்றது. தெருச் சங்கத் தலைவர் செம்மல் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாமி அங்கேயே முழுக்காடியது. ஆரோன் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். சுண்டலும் பானகமும் தெருவெல்லாம் போயின. அன்றைக்கு வெரோனிகாவுக்கு மிக மோசமான காலை. கூட்டத்துக்கு நடுவே அவள் கையைப் பாக்கியலட்சுமி நசுங்கும் அளவுக்குப் பிடித்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த வருஷம் மாசி பிறந்தும் கடல் கூடத்துக்கு வரவில்லை. துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு அலையடித்துக்கொண்டு கிடந்தது. செம்மல் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தார். வைத்திக்குப்பம் போவதென்றால் டிராக்டர், நெரிசல், வெயில் என்று சொல்லிக்கொண்டே வந்து, “ரெண்டே நாள் மாத்திரைய நிறுத்தி வைம்மா” என்றார். “கடல் வந்துடும். சாமி நனஞ்சதும் திரும்பப் போட்டுக்கோ. தெருவே உன்னைக் கும்புடும்.” அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தண்ணீர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியாது.

“உன் சுகர் மாத்திரைய நீ நிறுத்தேன் தலைவரே” என்று மதிலுக்கு அந்தப்புறமிருந்து பாக்கியலட்சுமி குரல் கொடுத்தாள். “பானகம் நாலு டம்ளர் கூடக் குடிக்கலாம்.”

செம்மல் சிரித்தார். வெரோனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியோடு வந்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடல் இல்லாத வெரோனிகாவைத் தேடி இந்தப் படியில் யார் ஏறுவார்கள் என்ற பயம் பழையது. அதுவும் அவள் குரலில்தான் பேசியது. துவைக்கும் கல்லடியில் கிடந்த அலை மெதுவாகக் கூடத்துக்குள் வந்து, பதிலைக் கேட்கக் காத்திருப்பது போல நின்றது. தெருவில் எல்லோரும் செய்வது போலச் செம்மலும் பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்.

“முடியாதுண்ணா” என்றாள் வெரோனிகா, குரலை உயர்த்தாமல். “சாமிய வைத்திக்குப்பத்துக்கே கூட்டிட்டுப் போங்க. நானும் கூட நடந்து வர்றேன்.”