ஒரு சதுர அங்குலச் சேறு

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. மலேசியாவில், காம்பாருக்குப் பக்கத்தில், ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன ஒரு தோட்டத்து லயத்தில், கடைசி வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது. மற்றவர்கள் ஈப்போவுக்குக் குடிபோனபோது கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒற்றைக் கதவைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஆண்டு 1982 என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் கட்டி, ராத்தல் என்ற பழைய எடைகள் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலம்.

மங்களம் விடியலில் எழுந்து...

(வேண்டாம். எல்லாக் கதைகளிலும் யாராவது விடியலில் எழுந்துவிடுகிறார்கள்.)

2

சாயங்காலம். தோட்டத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஈயலம்பம். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், தூக்கத்தில் இருப்பதுபோல அசையாமல் கிடந்தது. ஓரத்துச் சேறு மேலே வெள்ளையாகக் காய்ந்து, பாய் விரிக்கலாம்போல இருந்தது. கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போன அர்ச்சுனன் அதில் இடுப்புவரை இறங்கிவிட்டான். கன்று எப்படியோ தாவித் தப்பிவிட்டது. அவன் மனைவி மங்களம் கயிறோடு கரையில் நின்றாள்; அவள் ஒருத்தி இழுத்து அவன் அசையவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு லயத்தில் ஒருவரும் இல்லை.

"வராத மங்களம்! நீயும் எறங்கிருவ லா!"

"ஆடாம நில்லுங்க. ஆட ஆட உள்ளதான் இழுக்கும். நா நம்ம வீட்டுக் கதவக் கழட்டிக்கிட்டு வாரேன்."

3

இங்கே கதையை நிறுத்திக் கணக்குப் போட வேண்டும், கோபிக்காதீர்கள். இந்தச் சேறு சதுர அங்குலத்துக்கு ஒன்றே கால் அவுன்சுக்கு மேல் தாங்காது என்று நான் விதித்திருந்தேன். மங்களத்தின் எடை எண்பது கிலோ என்று எழுதி, கதவோடு அவளை அமிழ்த்தியும்விட்டேன். பேனாவை மூடப்போனபோது அவள் குரல் கேட்டது.

"நல்லா இருக்கு லா உங்க கணக்கு! சீனங்கடையில அரிசி நிறுக்கிற தராசுல நா ஏறிப் பாத்தது, அண்ணே. எம்பது கட்டி. கிலோ இல்ல!"

ஒரு கட்டி அறுநூறு கிராம். அப்படியானால் அவள் நாற்பத்தெட்டுக் கிலோதான், ராத்தலில் நூற்றாறு. அவள் நின்றால் இரண்டு பாதங்களும் சேர்ந்து ஐம்பது சதுர அங்குலம். ஒவ்வோர் அங்குலமும் இரண்டு ராத்தலுக்கு மேல், அதாவது முப்பத்திரண்டு அவுன்சுக்கு மேல், சுமக்க வேண்டும். சேறு வாயைத் திறந்துவிடும்.

படுத்தால்? கதவு ஆறடிக்கு இரண்டரை அடி: இரண்டாயிரத்து நூற்று அறுபது சதுர அங்குலம். கதவு இருபது கட்டி, அவள் எண்பது. மொத்தம் நூறு கட்டி, அதாவது ஒரு பிக்கல். அதைப் பரப்பிவிட்டால் அங்குலத்துக்கு ஓர் அவுன்சு. ஒரு சிட்டுக்குருவியின் எடை.

[அடிக்குறிப்பு: புது அளவில் இது அரை கிலோபாஸ்கலுக்கும் குறைவு என்று மங்களத்திடம் சொன்னேன். "சிட்டுக்குருவின்னே எழுதுங்க அண்ணே," என்றாள்.]

4

அவள் கதவின் மேல் குப்புறப் படுத்து, கைகளால் சேற்றைத் தள்ளித் தள்ளி நகர்ந்தாள். கதவுக்கு அடியில் அங்குலத்துக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான குருவிகள் உட்கார்ந்து அவளைத் தாங்கின. அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் போய்விட்டால் அந்த லயத்தில் தனக்கு யார் என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது. சேறு அவன் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கதவத்தான அடுப்புல வைக்கலாம்னீங்க?"

"இப்ப போயி சண்டையா லா?"

அவன் நூறு கட்டி. அவளோடு அதே கதவில் அவனும் ஏறினால் அங்குலத்துக்கு இரண்டு குருவி. தாங்காது.

அப்போது கன்று திரும்பி வந்து கயிற்றை...

(வேண்டாம். அது கன்றுக்குட்டி, தேவதை இல்லை.)

விதியை மாற்றிவிடலாம். ஒன்றே காலை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுத ஒரு நொடி போதும். எனக்கும் ஆசைதான், அந்த இரண்டு பேரும் பிழைக்க வேண்டும். ஆனால் அப்புறம் அவள் பாதத்தையும் கதவையும் நான் அளந்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

இன்னொரு கதவு வேண்டும். அவன் ஒன்றில், அவள் ஒன்றில். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாங்கும். ஆனால் லயத்தில் வேறு கதவு இல்லை. முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டேனே.

5

அர்ச்சுனனின் கையை விடாமல் மங்களம் தலையைத் தூக்குகிறாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டி உங்களைப் பார்க்கிறாள்.

"படிச்சிக்கிட்டு இருக்கிறவங்களே, உங்க வீட்டுல கதவு இருக்குல்ல? ஆறடிக்கு ரெண்டரை. மீட்டர்ல இருந்தாலும் பரவால்ல, கழட்டிக் கொண்டாங்க லா!"