மழை தாங்கும் கோட்டு

இப்போதெல்லாம் யாரும் பொய் சொல்வதில்லை. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். மீதியை நாமே நல்லபடியாக நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வர வேண்டியது. முன்பு ஏமாற்றுகிறவன் முகத்திலேயே ஒரு திருட்டுக் களை தெரியும். இப்போது கழுத்தில் டை தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பத்தெட்டு வருஷம் பஞ்சர் ஒட்டியவன் நான். முதுகு வளையாமல் போனதும் கடையை மூடினேன். ஆனால் வீட்டில் உட்காரவில்லை. ஐந்து சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தக் குப்பிகளை ஒரு நீலப் பெட்டியில் அடுக்கி, பைக்கின் பின்னால் கட்டி, நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போக வர தொண்ணூறு கிலோமீட்டர். மழை வந்தால் பெட்டிக்கு மூடி உண்டு. எனக்குக் கிடையாது.

போன மாதம் அப்படி நனைந்ததில் பத்து நாள் காய்ச்சல். நெஞ்சுச் சளி உலைத் துருத்தி மாதிரி சத்தம் போட்டது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் ஆணியில் பைக் சாவி இல்லை. என் மகளுடைய சாவிக்கொத்தில் தொங்கியது.

"குடும்மா."

"தர மாட்டேன். நனையாம போயிட்டு வர முடியும்னா சொல்லுங்க, தர்றேன். இன்னொரு தடவை நனைஞ்சு வந்தீங்க, பைக்கை வித்துட்டுத்தான் மறுவேலை."

"என் பைக்கை விக்க நீ யாரு?"

"பத்து நாள் உங்க முதுகுல தைலம் தேய்ச்சவ."

பைக் போனால் வேலை போகும். வேலை போனால் நான் ஜன்னலோரத்து நாற்காலியில் வைத்த பொருள். தூசி தட்டுவாள், நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான்.

மருமகன் நல்ல மனுஷன். நல்லவன் என்பதால்தான் எந்தக் கடைக்காரனும் அவனைச் சுலபமாகக் கவிழ்த்துவிடுகிறான். பெரிய கடையிலிருந்து எனக்கு ஒரு மழைக்கோட்டும் பேன்ட்டும் வாங்கி வந்தான். சாம்பல் நிறம், தலைக்குத் தொப்பி, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை.

"மாமா, மழை தாங்கும்னு அட்டையிலேயே போட்டிருக்கு பாருங்க."

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிப் படித்தேன். 'மழை தாங்கும்' என்றுதான் போட்டிருந்தது. மகள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் நல்ல மழை. இருபது கிலோமீட்டர் வரை ராஜாதான். நின்றுகொண்டிருக்கிறவனுக்கு மழை மேலேயிருந்து வரும். ஓட்டுகிறவனுக்கு எதிரேயிருந்து வரும். அதுவும் முன்னால் ஒரு லாரி போனால் கீழேயிருந்தும் வரும். முதலில் தோளில் சில்லென்று ஒரு நூல் இறங்கியது. பிறகு மடியில் குளம் கட்டியது. அந்தக் குளம் பேன்ட்டின் நடுத் தையலைக் கண்டுபிடித்து உள்ளே குடிவந்தது. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருந்தது சீட்டில் இல்லை, தொட்டியில்.

வீட்டுக்கு வந்ததும் மகள் என் முதுகில் புறங்கையை வைத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் அவள். ஒரு நாளைக்கு நானூறு போர்வை. காய்ந்ததா இல்லையா என்று புறங்கையால் தொட்டுத்தான் பிரிப்பாள். அந்தக் கையிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

"நனைஞ்சிருக்கு. சாவி."

"கோட்டு ஒழுகுதும்மா!"

"ஜிப்பை ஒழுங்கா போட்டிருக்க மாட்டீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோட்டையே தின்றிருப்பேன். முப்பத்தெட்டு வருஷம் காற்று ஒழுகாமல் பார்த்தவனுக்கு ஜிப் போடத் தெரியாதாம். மருமகன்தான் நடுவில் புகுந்தான். "தப்பு கோட்டுது, மாமாவுது இல்ல. இன்னும் ஒரே ஒரு தடவை விட்டுப் பாரு."

"ஒரே ஒரு தடவை," என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். கோட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரிய கடைக்குள் நுழைந்தேன். வெளியே பெய்த மழைக்குக் கடைக் கூரையே ஒழுகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். மழைக்கோட்டு விற்கிற கடை!

டை கட்டியிருந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கோட்டைத் தொடாமலே சிரித்தான்.

"ஐயா, தாங்கும்னுதானே போட்டிருக்கு? புகாதுன்னு போடலையே."

"தாங்கும்னா என்ன அர்த்தம் தம்பி?"

"சாதாரண மழையைத் தாங்கும்."

"மழை சொல்லிட்டா வருது, நான் சாதாரணமா வர்றேன்னு?"

"பக்கத்துல எங்கயாவது போயிட்டு வர்றதுக்கு இது. நீங்க பைக்ல ரொம்ப தூரம் போனா நாங்க என்னங்கய்யா செய்யறது?"

"பக்கத்துல போறவன் குடை பிடிச்சுப்பானே! கோட்டு எதுக்கு அவனுக்கு?"

பேச்சு இவனிடம் வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. பஞ்சரை யாரும் பேசிக் கண்டுபிடிப்பதில்லை. கோட்டை உள்வெளியாகத் திருப்பினேன். என் பையில் எப்போதும் டியூப் துண்டு ஒன்று கிடக்கும். அதைக்கொண்டு கோட்டின் கைநுனியை இறுக்கிக் கட்டினேன். வாளியைத் தூக்கி அந்தக் கைக்குள் ஊற்றினேன்.

"ஐயா, ஐயா, என்ன பண்றீங்க!"

"டியூப்புக்குப் பார்க்கிறதைத்தான் பார்க்கிறேன். இருபது எண்ணு."

அவன் எண்ணவில்லை. நான் எண்ணினேன். பதினொன்றிலேயே தையல் நெடுகக் கடுகு கடுகாய்த் தண்ணீர் அரும்பியது. பதினாறில் சொட்டியது, அவனுடைய பளபள ஷூ மேலேயே.

"பார்த்தியா? துணி தாங்குது, தையல் அழுவுது. ஊசி போட்ட இடமெல்லாம் ஓட்டை. மூணாங்கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியுது, தைச்சவனுக்குத் தெரியாதா?"

இரண்டு கோட்டுகளைக் கையில் வைத்திருந்த ஒரு அம்மா இரண்டையும் சத்தமில்லாமல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். உடனே மேனேஜர் ஓடி வந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அப்போதுதான் மனசு வந்தது. "புகாத ரகமும் இருக்குங்க," என்று இன்னொன்றைக் காட்டினார். உள்ளே தையல் மேலெல்லாம் பட்டையாக நாடா ஒட்டியிருந்தது. எனக்கு இன்னும் எரிந்தது. இது ஒட்டுத்தானே! நான் போட்ட அதே ஒட்டு! ஒட்டத் தெரிந்திருக்கிறது, ஆனால் என் பாதி மாதச் சம்பளத்தைக் கொட்டுகிறவனுக்குத்தான் ஒட்டுவார்களாம். மற்றவன் தாங்கிக்கொள்ள வேண்டியது.

"நீயே போட்டுக்கோ, கூரை ஒழுகுதுல்ல," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேராக மீன் சந்தைக்குப் பின்னால் போனேன். ஐஸ் உடைக்கிறவர்களும் மீன் கழுவுகிறவர்களும் துணி வாங்குகிற கடை ஒன்று அங்கே உண்டு. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவன் என்ன போடுகிறானோ அதுதானே எனக்கும் வேண்டும்? தடித்த மஞ்சள் கோட்டு, நெஞ்சு வரை ஏறுகிற பேன்ட்டு. தையலே இல்லை, சூடு வைத்து ஒட்டியது. விலை அந்த நாடாக் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு. அழகு என்று பார்த்தால், தபால் பெட்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து பைக்கில் ஏற்றின மாதிரி இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

கையைக் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா ஊத்துங்க. வேணும்னா ரெண்டு மீனும் விட்டுத் தர்றேன்."

ஐம்பது வரை எண்ணினேன். ஒரு கடுகு இல்லை.

"நனைய மாட்டீங்க அண்ணே. ஆனா வெந்துருவீங்க."

"வெந்தா வேகட்டும், நனையாம இருந்தா சரி," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடியும் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசித் தடவை வந்தது. மகளிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வானம் கிழிந்த மாதிரி மழை. லாரிகள் என்மேல் குளத்தையே வாரி ஊற்றின. ஊற்றட்டும். கழுத்தில் இல்லை, தோளில் இல்லை, மடியில் கட்டின குளம் மடியிலேயே நின்று வழிந்து போனது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

மதியம் வீட்டு வாசலில் நின்று கோட்டைக் கழற்றினேன். மகள் வந்தாள். முதலில் சாவியை வாங்கித் தன் கொத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு என் சட்டைக்குள் புறங்கையை விட்டாள்.

"நனைஞ்சிருக்கு."

"அது வேர்வைடி!"

"ஈரம்."

"மோந்து பாரு, தெரியும்."

"மோந்து வேற பார்க்கணுமா? நீங்க தெருமுனையில திரும்பறப்பவே வாசனை வந்துருச்சு."

"மழை ஒரு சொட்டு உள்ள வரலை. நீ என்ன சொன்னே? நனைஞ்சு வந்தா பைக்கை விப்பேன்னே. நனையறதுன்னா மழையிலதானே? வேர்வையில நனைஞ்சாலும் விப்பேன்னு சொல்லலையே!"

உள்ளேயிருந்து மருமகன் குரல் கொடுத்தான். "மாமா, நீங்க சொன்ன அந்த டைக்காரன் பேசின மாதிரியே இருக்கு."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. அந்த மீன்கடை அம்மா மீதி உண்மையையும் சொல்லித்தான் விற்றார். நான்தான் பாதியோடு கிளம்பி வந்தேன். ஆனால் அதை இவர்களிடம் சொல்வதற்கு எனக்கென்ன தலையெழுத்தா?

மகள் சிரிக்கவில்லை. "எங்க சலவையில மழை ஈரத்துக்கு ஒரு ட்ராலி, வேர்வை ஈரத்துக்கு ஒரு ட்ராலின்னு கிடையாதுப்பா. ஈர முதுகுல காத்து அடிச்சா சளிதான். எந்தத் தண்ணின்னு அது கேக்காது."

மருமகன் போனை நீட்டினான். "இதைப் பாருங்க மாமா. அக்குள்ல ஜிப் வச்சிருக்கான். வேர்த்தா திறந்துக்கலாம், காத்து போகும்."

"மழைக்கோட்டுல ஓட்டையா? ஓட்டை இல்லாததுன்னு சொல்லி வித்துட்டு, இப்ப ஓட்டைக்குத் தனியா காசு கேக்கறானா?"

"அடுத்த மழைக்கு அதை வாங்கலாம்," என்றாள் மகள். பிறகு சாவிக்கொத்தை எடுத்தாள். என் சாவியைக் கழற்றினாள். ஆனால் கொடுக்கவில்லை. உள்ளே போய், காய்ந்த சட்டை ஒன்றைச் சின்னதாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் போட்டுக் கொண்டுவந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் அங்கயே இதை மாத்தணும். கழட்டின ஈரச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில குடுக்கணும். தினமும். ஒரு நாள் தவறினாலும் சாவி இங்க வந்துரும்."

"பெத்த அப்பன் மேலயே நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நான் யாரு பொண்ணு?"

சாவியையும் கவரையும் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. மஞ்சள் கோட்டைப் போட்டேன். கவரைப் பெட்டிக்கு மேல் கட்டினேன். மருமகன் வாசல் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு வந்தான். "மாமா, அந்த ஜிப் கோட்டு, விலை குறைச்சிருக்கான், ஒரு தடவை பாருங்களேன்."

"வாளியில தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு அவனை. அக்குள்ல ஊத்திக் காட்டட்டும், அப்புறம் பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மழைக்கோட்டில் ஓட்டையாம். யாரிடம் காது குத்துகிறார்கள்?