குருமூர்த்தி எடுத்த விக்கெட்

ஆயுத பூஜைக்கு மறுநாள் சூளைகள் அணைந்து கிடக்கும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர்கள் அன்றைக்குத்தான் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த வருஷம் மதில் மேலெல்லாம் ஆள் ஏறி நின்றது. வளவன் வந்திருந்தான். இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டங்களில் ஓபனிங் இறங்கியவன். போன வாரம்தான் ஓய்வை அறிவித்தான். அதற்கெல்லாம் முன்னால் இதே பட்டறையில் சூளைக்குச் சாமான் அடுக்கியவன்.

ஓபனர் என்றால் ஊருக்கு சிக்ஸர்தான் ஞாபகம் வரும். வளவனின் பிழைப்பு வேறு. புதுப் பந்து சீறிக்கொண்டு வரும். அதைத் தொடாமல் விட வேண்டும். குளிர் தேசங்களில் விலாவில் அடி வாங்கிக்கொண்டு பந்தைப் பழசாக்கினான். பின்னால் வந்தவர்கள் அடித்துப் பேர் வாங்கினார்கள். அணியிலிருந்து தூக்கினார்கள், கூப்பிட்டார்கள், மறுபடி தூக்கினார்கள். அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. வேலை செய்தான், கூலி வந்தது.

முதல் ஓவர் போட வந்தவன் குருமூர்த்தி. வளவனும் அவனும் ஒரே சூளையில் கை சுட்டுக்கொண்டவர்கள். குரு இன்னமும் அங்கேதான். சூளை பிரித்ததும் மின்கம்பத்துக்குப் போகிற ஒவ்வொரு பீங்கான் இன்சுலேட்டரையும் தட்டிப் பார்ப்பான். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல். முதலாளியே வந்து கெஞ்சினாலும் குப்பையில்தான் எறிவான்.

“ஹெல்மெட்டு வேணுமாடா?”

“நீ போடுற பந்துக்குத் துண்டு போதும், போடுடா.”

டென்னிஸ் பந்து. ஸ்டம்புக்கு வெளியே தள்ளி விழுந்தது. வளவன் பழக்கப்படி மட்டையைத் தூக்கிவிட்டு நின்றான். பந்து களிமண் தரையில் பிடித்து உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

 அம்பயராக நின்ற மேஸ்திரி சாமிக்கண்ணு சட்டென்று கையை நீட்டினார். “நோ பாலு!”

“எதுக்கு மாமா? காலு கோட்டுக்குள்ளதான இருக்குது?”

“நோ பாலுன்னா நோ பாலு. இவ்ளோ சனமும் உன்னப் பாக்கவா வந்துது? போயிப் போடு.”

ஒரே கைதட்டல். வளவனும் கோட்டுக்குத் திரும்பினான். நிம்மதியாகத்தான் இருந்தது. கை அரித்தது அவனுக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஆடினால் தேவலை.

டீக்குச் சர்க்கரை குறைந்தாலே சட்டையைப் பிடிக்கிற குரு, இப்போது சாமிக்கண்ணு பக்கமே போகவில்லை. குனிந்து ஸ்டம்பை எடுத்தான். முகத்தைக் காட்டாமல் கல்லால் அடித்து ஊன்றினான். குரு நாளைக்கு டீக்கடையில் வாயைத் திறந்தால், ‘அது நோ பாலுப்பா’ என்று சிரிப்பார்கள். இனி ஒருநாளும் இப்படி ஒரு பந்து அவனுக்கு விழப்போவதில்லை. அவன் குனிந்து நிற்பதை வளவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மட்டையை அக்குளில் இடுக்கினான்.

“மாமா, நான் அவுட்டு.”

“யோவ், அம்பயரு நானா நீயா?”

“காலு உள்ளதான் இருந்துது. பந்து போடுறவன் காலையும் கையையும் பாத்துப் பொழச்சவன் நானு. எனக்குத் தெரியாதா?”

கூட்டம் ஊளையிட்டது. குரு ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“டேய், உண்மையச் சொல்லு. எனக்காவ அவுட்டானியா?”

“வெளிய போயிடும்னு நெனச்சேன்டா. போவல. எனக்கு மட்டும் அவுட்டாவ ஆசையா?”

“அப்ப நல்ல பந்துதான?”

“நல்ல பந்துடா, நாயே.”

குருவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பந்தை லுங்கியில் துடைத்துக்கொண்டே ஓடினான்.

வளவன் நிழலுக்குப் போனான். அம்மா பாஞ்சாலை பொரிகடலையை அள்ளி அவன் கையில் கொட்டினாள்.

“அந்தந்த தேசத்துக்குப் போயும் இப்படித்தான் மட்டையத் தூக்கிப் புடிச்சிக்கினு நின்னியா?”

“ஆமாம்மா. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க.”

“நல்ல வேலடா,” என்றாள்.

அடுத்து இறங்கியவன் குருவின் பந்தை மதிலுக்கு அப்பால் தூக்கி அடித்தான். குரு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.