தெரோங்குக்கு மரியாதை

"தொட்டி நான் வாங்கினது" என்று சொல்லி, என்னை விட்டு லிலிஸ் என்பவளோடு போகும்போது என் நண்டையும் தூக்கிக்கொண்டு போனவன் என் புருஷன் வஹோனோ. ஊதா ஓடு, மஞ்சள் கண், கட்டைவிரல் நகத்தளவு உடம்பு. என் கண் முன்னால் பிறந்தவள். கத்திரிக்காய் நிறம் என்பதால் தெரோங் என்று பெயர் வைத்திருந்தேன். அவளுக்கு எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எனக்கு வலிக்க வேண்டும் என்றே எடுத்துப் போனான். வலித்தது. அவனும் அழ வேண்டும் என்று ஐந்து மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோயாத் தெம்பே பொரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ரெத்னோ, தெரோங் செத்துப்போச்சு."

அடுப்பை அணைத்தேன். "எப்படிக் கெடக்கா? சரியாப் பாத்துச் சொல்லுங்க, பாக் வஹோனோ." ஒரு காலத்தில் புருஷனுக்குரிய 'மாஸ்' என்று ஆசையாக அழைத்த வாய்தான். இப்போது அயலானுக்குச் சொல்லும் 'பாக்' போதும்.

"மல்லாந்து கெடக்கு. பின்பக்கம் பொளந்திருக்கு. கண்ணுல மஞ்சளே இல்ல. கையில எடுத்தா கனமே தெரியல."

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். மடையன்! நண்டு சட்டை உரித்திருக்கிறது. அவன் கையில் இருப்பது வெறும் பழைய ஓடு. என் பெண் புது உடம்போடு, மெத்தென்று, மண்ணுக்குள் ஒளிந்திருப்பாள்.

"மண்ணைக் கொட்டிட்டுத் தொட்டிய வெந்நீர்ல கழுவப் போறேன். லிலிஸ் தங்கமீன் விடணுங்குறா."

மண்ணோடு கொட்டிவிட்டால் நிஜமாகவே செத்துப்போவாள். உண்மையைச் சொன்னால் தெரோங் பிழைப்பாள், ஆனால் அவனிடமே இருப்பாள்.

"கொலகாரா!" என்று கத்தினேன். அழுகை தானாக வந்தது. "கொன்னுட்டியேடா! அவ இருந்த மண்ணையாவது எங்கிட்டக் குடு. ஒரு பிடிகூடச் சிந்தக் கூடாது. தொட்டிய மடியில வெச்சு, ஆட்டாமக் கொண்டு வா. பொணத்தையும் கொண்டு வா."

மத்தியானம் லிலிஸ் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினான். 'பிணம்' வெள்ளைக் கைக்குட்டைக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்டேன்.

"தொட்டி யாரோடது?"

"உன்னோடதுதான்."

"நண்டு?"

"அதுவும் உன்னோடதுதான். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு." மூக்கை உறிஞ்சினான். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எனக்கு ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

"ஒரு நண்டுக்கா இந்தக் கூத்து?" என்றாள் லிலிஸ்.

"உன்னையும்தானே தூக்கிட்டுப் போயிருக்கான். பாத்துக்கத் தெரியுதான்னு நீயே பாரு" என்றேன்.

அவர்கள் போனதும் தொட்டியை இருட்டு மூலையில் வைத்தேன். பழைய ஓட்டைத் தொட்டிக்குள் பாசிமேல் போட்டு, மூடியை இறுக்கி, யாரையும் கிட்டே விடவில்லை. நாலாம் நாள் சிரட்டைக்கு அடியில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. முன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாகியிருந்தாள். நிதானமாக வந்து, தன் பழைய ஓட்டையே காலிலிருந்து கடித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

அப்போது போனில் அவனுடைய செய்தி வந்தது. "தெரோங்க எங்க பொதச்ச? வந்து பூத் தூவணும்."

அவள் தின்று முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் பதில் அனுப்பினேன்.

"நல்ல இடத்துல இருக்கா."