காரா பன் தின்னாத ஒன்பது மாதம்

மௌரீன் கேக் மாவில் பேக்கிங் பவுடரைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் ஓஸ்வால்ட் வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிரேசர் டவுன் பேக்கரியில் இந்த வருஷம் வீட்டுக் கேக் சுட்டுத் தருவதில்லையாம். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது போய்க் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் மனைவியிடம் போன வாரமே "எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்று அளந்துவிட்டிருந்தார். அக்டோபரிலிருந்து ரம்மில் ஊறிய திராட்சையும் இருபத்து நான்கு முட்டைகளும் இப்போது ஒரே அண்டாவில் இருந்தன. கலந்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது.

லிங்கராஜபுரத்தில் பாதி வீடுகளில் கேக் மாவை வீட்டில் கலந்து, பேக்கரியின் விறகு அடுப்பில் கொடுத்துத்தான் சுடுவார்கள். பின்வாசல் வழியாக டின்களைக் கொடுத்து, அடுப்புக்காரர் கையில் கூலியைக் கொடுத்தால் போதும். அது அவருடைய வரும்படி, கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படிப்பட்ட அடுப்பு தெருமுனையிலேயே மங்களா பேக்கரியில் இருந்தது. அந்தக் கடையைத்தான் ஓஸ்வால்ட் ஒதுக்கிவைத்திருந்தார்.

ஈஸ்டர் சமயத்தில் நடந்தது. பதினாறு வருஷம் அந்தக் கடை அடுப்படியில் வெந்த முனிராஜ், ஞாயிற்றுக்கிழமை அரைநாள் லீவு கேட்டான். முதலாளி ரங்கா அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார். ஓஸ்வால்ட் கடை நிறைய ஆள் இருக்கும்போது, "இனி உங்க கடையில ஒரு பன் வாங்கினா என்னைச் செருப்பால அடிங்க" என்று கத்திவிட்டு வந்தார். முதல் வாரம் தெருவே அவர் பக்கம் நின்றது. இரண்டாம் வாரம் யாருக்கோ பிறந்தநாள் வந்தது. அதன்பின் அவர் மட்டும்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீடு. ஃபேக்டரி விட்டு வரும் நேரமும் காரா பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரமும் ஒன்று. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெண்ணெயில் வெந்த அந்த வாசனைக்கு மனசாட்சி கிடையாது. ஜூன் மாத மழையில் ஒருநாள் கால்கள் அவரைக் கேட்காமலே கல்லாவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டன. "போன் பண்ண ஒரு ரூபா காயின் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தப்பி வந்தார். வீட்டில் கேன்டீன் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்துத் தின்னும்போது அவருக்கே தன்மேல் இரக்கமாக இருக்கும். கூடவே கொஞ்சம் பெருமையும்.

"அங்க முடியாதுன்னுட்டாங்க" என்றார் உள்ளே வந்து.

மௌரீன் கரண்டியை வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தார். அவள் அண்டாவைப் பார்த்தபடி நின்றாள்.

"உங்க சத்தியம் உங்களோடது. இந்தக் கேக் என்னோடது. இதுல எது வீணாப் போகணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் மாவை நான்கு டின்களில் ஊற்றி, பெயர் எழுதிய காகிதத் துண்டுகளைச் செருகி, பெரிய தட்டில் அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு மங்களா பேக்கரிக்கு நடந்தார். அவமானமாக இருந்தது. பின்வாசலில் குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், நீண்ட மரத்துடுப்போடு அடுப்பின் முன்னால் முனிராஜ் நின்றிருந்தான்.

"நீயா? எப்ப வந்தே?"

"ஜூலைலயே வந்துட்டேண்ணா." முனிராஜ் தலை குனிந்தான். "பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு. ஓனரும் அரைநாள் குடுக்கறேன்னாரு."

ஓஸ்வால்டுக்கு இரத்தம் தலைக்கேறியது. வீணாகத் தின்ற ஐந்து மாத ரஸ்க் கண்முன் வந்து போனது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? யாருக்காக நான் வாயைக் கட்டிட்டுக் கிடந்தேன்?"

முனிராஜ் டின்களை வாங்கி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். இரும்புக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சாயங்காலம் இந்த ஜன்னல் வழியா பாப்பேன். நீங்க தலையைத் திருப்பாம போவீங்க. என் கூடப் பொறந்தவங்களே நான் எப்படி இருக்கேன்னு கேக்கல. எனக்காக ஒரு ஆளு பன் திங்காம போறாரேன்னு... தப்புதாண்ணா. சொல்லிட்டா அது நின்னு போயிடும்ல?"

ஓஸ்வால்ட் மைதா மூட்டைமேல் உட்கார்ந்தார். கோபத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இரண்டு பேரும் அதன்பின் கேக்கைப் பற்றி மட்டும் பேசினார்கள், முனிராஜ் குச்சியால் குத்திப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷம் என்றான். நான்கும் ஒரே நிறத்தில் உப்பி வந்தன. கூலியை வாங்க மறுத்தவனின் சட்டைப் பையில் திணித்துவிட்டுக் கிளம்பினார்.

முன்பக்கம் வந்தபோது ரங்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனு சார், சண்டை முடிஞ்சுதா? காரா பன் இப்பதான் இறக்கினது. என் கணக்குல ஒண்ணு சாப்பிடுங்க."

வாசனை அவர் நெஞ்சுவரை வந்தது. ஒரு நொடி நின்றார். தோளிலிருந்த தட்டைச் சரிசெய்துகொண்டு, தலையைத் திருப்பாமல் நடந்தார். கடையின் பக்கச் சுவரில் அடுப்படியின் புகை படிந்த சின்ன ஜன்னல் இருந்தது. அந்த இடத்தில் மட்டும், உள்ளே இருப்பவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, கொஞ்சம் மெதுவாக நடந்தார்.