உள்ளங்கைச் சீனி

வாயில் வைத்த சோற்றில் பாதி திரும்பி மடியில் விழுந்தால் யாருக்குத்தான் குமட்டாது? எனக்கே குமட்டியது. ஒரு வருஷமாக என் முகம் செத்துக் கிடந்தது. உதடு மூடாது, எச்சில் ஒழுகும். பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும் என்று மருமகள் ரத்தினம்மா என் தட்டை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், நாய் படுக்கும் சாக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டாக்டர்மாரை நான் நம்புவதில்லை. ஆனால் ஒட்டுகிற வியாதி இல்லை என்று ஒருவர் அவள் காதுபடச் சொன்னால் உள்ளே உட்கார்ந்து தின்னலாம். அதற்காகத்தான் அவளையும் இழுத்துக்கொண்டு ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி அறையில் முந்தி வந்தவனின் புண் நாற்றம் இன்னும் போகவில்லை. தனபாலன் என்ற யாழ்ப்பாணத்து டாக்டர் என் மூக்கோரத்திலும் கன்னத்திலும் குளிர்ந்த பசையைப் பூசி வயர்களை ஒட்டினார். யாரோ சளியைத் தடவிவிட்டதுபோல் இருந்தது.

"கரண்டு வைக்கப் போறீங்களா?"

"இல்லை ஐயா. உங்கட தசையில இருக்கிற கரண்டைத்தான் பார்க்கிறன். ஏதோ நாறுது எண்டு நினைச்சு மூக்கைச் சுளியுங்கோ."

நினைக்க வேண்டியதே இல்லை. முழு மூச்சோடு சுளித்தேன். திரையில் கோடு செத்த புழுவைக் குச்சியால் தட்டியதுபோல் லேசாக அசைந்து படுத்துவிட்டது.

"நல்ல ஆளுக்கு இது மலை மாதிரி எழும்பும்," என்றார். "சீனி வருத்தம் நரம்பைக் கெடுத்துப்போட்டுது. மூளை சொல்லுறது தசைக்குச் சரியாப் போய்ச் சேரேல்லை. இது ஒருத்தருக்கும் ஒட்டாது அம்மா."

மருமகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ, ஐயா?"

"போடுறதே இல்லைங்க. விட்டு ரொம்ப வருசம்."

"தேத்தண்ணிக்குள்ள போடமாட்டாருங்க," என்றாள் ரத்தினம்மா. "உள்ளங்கையில கொட்டி நக்கிக்குவாரு. ஒரு மடக்கு தேத்தண்ணி, ஒரு நக்கு."

தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம். போடாதே என்று டாக்டர்மார் சொன்னார்கள், போடவில்லை. நக்காதே என்று எவன் சொன்னான்? அதைச் சொன்னேன்.

"வயித்துக்குள்ள ரெண்டும் ஒண்டுதானே, ஐயா," என்று வயரைப் பிடுங்கினார்.

"முகம் திரும்ப வருமா?"

"வரும் எண்டு பொய் சொல்லமாட்டன். சீனியை விட்டால் இதைவிட மோசமாகாமல் பார்க்கலாம்."

அன்று சாயங்காலம் ரத்தினம்மா என் தட்டை உள்ளே வைத்தாள். சின்னப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டிருந்தாள். எச்சிலும் சீனியுமாகக் கை முழுக்கப் பிசுபிசுப்பு. அருவருத்து மூக்கைச் சுளித்தேன். முகம் அதைக் காட்டினால்தானே? ஆசையாய்ப் பார்க்கிறேன் என்று நினைத்து அந்தக் கையை என் வாயருகே நீட்டினாள்.

"இந்தாங்க தாத்தா."

"சீ, போய்க் கழுவு," என்றேன். உதடு மூடாததால் எச்சில் தெறித்து அவள் கையில் விழுந்தது.

ரத்தினம்மா என் தட்டைப் பார்த்தாள். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பேத்தி எழுந்துபோய் இஸ்தோப்பில் கையை உதறிக் கழுவினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். வெளியே அவள் உதறிய சீனியில் எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்தபடியே சோற்றைத் தின்றேன்.